வடைத் தோடு

யூபி தொழிற்பேட்டை, ஏழாம் மாடி.
பகலெல்லாம் அங்கே பல் செய்கிறவள் நான்.
யாருடைய வாய் என்று தெரியாது.
அச்சு வரும், நிறத்தின் எண் வரும்,
பீங்கானைத் தூரிகையில் தொட்டுத் தொட்டு அடுக்குவேன்.
தொள்ளாயிரம் டிகிரி உலை
என் பேச்சுக்கு அடங்கும்.

அதனால்தான் நோர்லிசா,
"தீபாவளி விருந்துக்குப் போட்டுக்கொள்ள
வடையில் ஒரு ஜோடித் தோடு செய்து கொடேன்" என்றபோது
சிரித்தபடி ஒப்புக்கொண்டேன்.
இதென்ன பெரிய வித்தை?
நூற்று முப்பது டிகிரி. வீட்டு ஓவன். களிமண்.

களிமண் என்கிறார்கள், மண் ஒரு துளியும் கிடையாது.
பிளாஸ்டிக் மாவு.
பிராஸ் பாசாவில் கட்டி நான்கு வெள்ளிச் சொச்சம்.
குறை சொல்லவில்லை.
கடலைத் தூர்க்க மண்ணையே விலைக்கு வாங்கிய ஊரில்
மண்ணில்லாத மண்ணில் வடை சுடுவது
ஒன்றும் பாவமில்லை.

பொட்டலம் பிரித்த கையோடு உருட்டினேன்.
ஓரமெல்லாம் வெடித்தது, வறண்ட குதிகால் போல.
பிறகு பிசைந்தேன், பத்து நிமிடம்.
சப்பாத்திக்குக்கூட அவ்வளவு பொறுமை காட்டியதில்லை.
ஹவ்காங்கின் மதியப் புழுக்கத்தில்
அது பதத்தைத் தாண்டி இளகி
விரலோடு வந்தது.
ஃபிரிட்ஜில் வைத்தேன், இஞ்சிக்கும் தயிருக்கும் நடுவில்.

மிளகாய்ச் சிவப்பைத் தொட்ட கையோடு
தேங்காய்ச் சட்னியின் வெள்ளையைத் தொட்டேன்.
வெள்ளை எதையும் மறைக்காது.
என் நைட்டியின் நீல நூல்,
ஒரு பூனை மயிர்
(எங்கள் வீட்டில் பூனையே இல்லை)
எல்லாம் சட்னியில்.
ஈரத் துடைதாளை அப்போதுதான் தேடினேன்,
பந்தி முடிந்தபின் இலை போடுகிறவளாய்.

ஓவனின் முள் நூற்று முப்பது என்றது.
நம்பினேன்.
அளவுகளோடு எட்டு மணி நேரம் மாரடிக்கிறவளுக்கு
ஒரு சின்ன வெப்பமானி வாங்கி உள்ளே வைக்கத் தோன்றவில்லை.
பதினோராம் நிமிடம் நாற்றம்.
ஜன்னலையெல்லாம் திறந்தேன், கதவையும்.
எதிர்வீட்டு மிஸ்டர் கோ
சிங்லெட்டோடு வந்து கம்பிக் கதவருகே நின்றார்.
"என்ன சமைக்கிறீர்கள்?"
"வடை."
பொய் இல்லையே.
"ஓ" என்றார், மிகுந்த மரியாதையோடு.
தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

தட்டில் இரண்டு கரித்துண்டு.

அடுத்த ஜோடிக்கு
அலுமினியத் தாளில் கூடாரம் போட்டேன்.
முள்ளை நூற்றுப் பத்தில் நிறுத்தினால்தான்
உள்ளே நூற்று முப்பது என்று
வெப்பமானி சாட்சியாக
எனக்கும் ஓவனுக்கும் ஓர் உடன்பாடு.
அரை மணி கழித்து அழுத்திப் பார்த்தேன், மெத்தென்றது.
வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளினேன்.
ஆறினால்தான் இறுகும் என்பதை
அந்த ஜோடி பழுப்பேறிச் சொன்னது.

மூன்றாவதற்குப் பளபளப்பு வேண்டி நகச்சாயம் பூசினேன்.
ஒரு வாரமாகியும் காயவில்லை.
எடுத்துப் பார்த்த விரலில்
வடை தொங்கியது.

மிச்சக் களி சாப்பாட்டுக் கடை டப்பாவில் கிடந்தது.
வேகாத களி டப்பாவைத் தின்றிருந்தது.
அடிப்பக்கம் குழைந்து
அலமாரித் தட்டோடு உறவாகிவிட்டது.

நான்காம் ஜோடியை
நோர்லிசா லிஃப்ட் கண்ணாடியில் போட்டுப் பார்த்தாள்.
"ஒன்று பெரிசு."
பெரிசுதான், அரை மில்லிமீட்டர்.
பல்லாக இருந்தால் மருத்துவர் திருப்பி அனுப்பியிருப்பார்.
அவள் முகத்தைப் பார்த்தேன், வேலைக் கண்ணால்.
இடது காது மடல்
வலதைவிடக் கொஞ்சம் தடிப்பு.
கழற்றி மாற்றிப் போட்டேன்.
தலையை ஆட்டிப் பார்த்தாள்,
பத்தாம் மாடியிலிருந்து தரைத்தளம் வரை.

விருந்திலிருந்து செய்தி அனுப்பினாள்:
மூன்று பேர் எங்கே வாங்கினாய் என்றார்களாம்.
ஒருவர் சாம்பார் இல்லையா என்றாராம்.

கருகிய ஜோடி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது,
பற்களின் நிற அட்டைக்குப் பக்கத்தில்.
வெள்ளையில் பதினாறு வகைக்கு எண் உண்டு அதில்.
இதற்கு இல்லை.